கன்னுக்குட்டிக்குத் தோடு, குழந்தைக்கு அலைச்சல்



பட்டா, சிட்டா, அடங்கல், கூட்டுப்பட்டா பிரிக்கிறது, வில்லங்கம் போட்டுப் பார்க்கிறதுன்னு நிலத்துக் காகிதங்களைப் பத்தி நிறையவே எழுதியாச்சு. இந்தத் தடவை நிலம் இல்லாதவங்களுக்கும் வேணுங்கிற ஒரு காகிதத்தைப் பத்தி எழுதறேன். பிறப்புச் சான்றிதழ்.

நம்ம பக்கம் எந்த வீட்டுக்குப் போய் கிரயப் பத்திரம் எங்கேன்னு கேட்டாலும், பீரோவைத் திறந்து மஞ்சப்பையில சுத்தி வச்சிருக்கிறதை அரை நிமிசத்துல எடுத்துக் காட்டுவாங்க. தாத்தா காலத்துப் பத்திரம்கூட மடிப்புல கிழிஞ்ச இடத்துல ஒட்டுப் போட்டு பத்திரமா இருக்கும். அதே வீட்ல பையனோட பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்க. "அது அவங்கம்மா ஊர்ல இருக்கும்", "ரேசன் கார்டுக்குள்ள வச்ச மாதிரி ஞாபகம்", "ஸ்கூல்ல குடுத்தோம், திருப்பி வாங்கினோமான்னு தெரியல". கடைசியில ஒரு ஜெராக்ஸ் வரும். அதுலயும் பாதி எழுத்து தெரியாது. நிலம்னா பங்காளி சண்டைக்கு வருவான், பொறந்ததுக்கு யாரு சண்டைக்கு வரப்போறாங்கிற நெனப்பு. இத்தனை வருசமா அந்த நெனப்புல பெரிய தப்பு இல்லை. இனிமேல் அது செல்லாது.

பிறப்பு இறப்பு பதிவுச் சட்டம் 1969ல வந்தது. அதுல 2023ல ஒரு திருத்தம் கொண்டுவந்தாங்க. அந்த வருசம் அக்டோபர் 1ந் தேதி அமலுக்கு வந்துருச்சு. அன்னையிலிருந்து பொறக்கிற குழந்தைகளுக்கு, பொறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் இந்தச் சான்றிதழ் ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துல சேர்க்க, லைசென்ஸ் எடுக்க, வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்க, கல்யாணத்தைப் பதிவு பண்ண, கவர்மெண்ட் வேலைக்கு, பாஸ்போர்ட்டுக்கு எல்லாத்துக்கும் இதைத்தான் கேட்பாங்க. டி.சி. இருக்கு, பத்தாவது மார்க் ஷீட் இருக்குன்னு நாமெல்லாம் தப்பிச்ச மாதிரி இப்ப தொட்டில்ல கிடக்கிற பிள்ளைங்க தப்பிக்க முடியாது.

நாமெல்லாம் எப்படித் தப்பிச்சோம்னு நாப்பது வயசைத் தாண்டுனவங்களுக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடணும். தொட்டுட்டா அஞ்சு வயசு ஆயிருச்சுன்னு கணக்கு. ஹெட்மாஸ்டர் அன்னைக்குத் தேதியிலிருந்து அஞ்சு வருசத்தைக் கழிச்சு ஜூன் மாசத்துல ஒரு தேதியை எழுதிக்குவார். எங்க வகுப்புல பாதிப் பேர் ஜூன் மாசத்துல பொறந்தவங்க. எங்க அப்பாவுக்கு அந்தத் தேதிகூட இல்லை. கீழ்பவானி வாய்க்கால்ல முதல் தடவை தண்ணி விட்டப்ப நடக்கப் பழகிட்டிருந்தேன்னு சொல்வார், அவ்வளவுதான். அதை வச்சே பேங்க்ல நகைக்கடன்வரை எல்லாம் வாங்கி முடிச்சுட்டார்.

ஆதார் எடுக்க வந்த காலத்துல இதே கூத்து இன்னொரு தடவை நடந்தது. எங்க தோட்டத்துக்குக் களை வெட்ட வர்ற ஒரு ஆத்தாவுக்கு, போட்டோ எடுக்க வந்த பையன் மூஞ்சியைப் பார்த்து ஜனவரி 1ந் தேதின்னு போட்டு ஒரு வருசத்தையும் போட்டுட்டுப் போயிட்டான். அந்தக் கணக்குப்படி அவங்களுக்கு இப்ப 57. மூத்த மகனுக்கு 46. பதினோரு வயசுல பிள்ளை பெத்திருக்கணும். முதியோர் பென்சன் மாசம் 1,200 ரூபாய், அதுக்கு 60 முடியணும். மனு போட்டாங்க, ஆதாரைப் பார்த்துட்டு வயசு பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆதார் அட்டை பொறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாதுன்னு 2024ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. அது டெல்லியில சொன்னது. இங்க மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஆதார்தான் வேதவாக்கு.

சரி, இப்ப பொறக்கிற குழந்தைக்கு என்ன பண்ணணும்?

ஒழுங்கா நடந்தா இதைவிடச் சுலபமான காரியம் அரசாங்கத்துல கிடையாது. கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே கிராம சுகாதார நர்ஸம்மாகிட்டச் சொல்லிப் பதியணும். ஒரு நம்பர் தருவாங்க, பிக்மி நம்பர்னு சொல்றது. அதுவும் பன்னெண்டு இலக்கம்தான். அந்த நம்பரை பிரசவத்தப்ப ஆஸ்பத்திரியில கேட்பாங்க. தனியார் ஆஸ்பத்திரிக்குத்தானே போகப்போறோம்னு இதை விட்டுடாதீங்க, அங்கேயும் கேட்பாங்க. குழந்தை பொறந்தா ஆஸ்பத்திரியே பதிவாளருக்குத் தகவல் குடுத்துரும். 21 நாளைக்குள்ள பதிஞ்சா ஒரு பைசா கட்டணம் இல்லை, முதல் சான்றிதழும் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்துல பொறந்தா அங்கேயே இருக்கிற சுகாதார ஆய்வாளர், கிராமத்துல வீட்ல பொறந்தா வி.ஏ.ஓ., டவுன்ல பொறந்தா நகராட்சி. தமிழ்நாட்ல 2018 ஜனவரியிலிருந்து பதிவானதெல்லாம் சி.ஆர்.எஸ். இணையதளத்துல ஏறியிருக்கு. வீட்ல இருந்தே எடுத்துக்கலாம்.

இதுல நம்ம ஜனங்க அதிகமா இடறி விழற இடம் ஒண்ணு இருக்கு. தலைப்பிரசவம் அம்மா வீட்லதானே? பொண்ணு ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு தாய்வீட்டுக்குப் போயிரும். குழந்தை அங்க பக்கத்து ஆஸ்பத்திரியில பொறக்கும். மூணாம் மாசம், அஞ்சாம் மாசம் புருசன் ஊருக்குக் கூட்டிட்டு வருவாங்க. நாலு வருசம் கழிச்சு எல்.கே.ஜி. சேர்க்கும்போது இந்த ஊர் வி.ஏ.ஓ.கிட்ட வந்து சான்றிதழ் கேட்பாங்க. அவர்கிட்ட எப்படி இருக்கும்? பிறப்பு எந்த இடத்துல நடந்ததோ அந்த இடத்துப் பதிவேட்டுலதான் ஏறும். அப்பன் ஊர் எது, குலதெய்வம் கோயில் எதுன்னு அந்தப் பதிவேட்டுக்கு அக்கறை இல்லை. 108 வண்டியில போற வழியில பொறந்தா, வண்டி முதல்ல எங்க போய் நிக்குதோ அந்த இடத்துக் கணக்கு.

அடுத்தது பேர் வைக்கிறது. 21 நாளைக்குள்ள பதியணும்னா அதுக்குள்ள பேரும் வைக்கணும்னு நினைச்சுக்கிட்டு, ஜோசியர் இன்னும் எழுத்து சொல்லலைன்னு பதியாமயே விட்டவங்க உண்டு. பேர் இல்லாமலே பதியலாம். ஒரு வருசத்துக்குள்ள போய் பேரைச் சேர்த்தா செலவு இல்லை. அதுக்கப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 வருசம்வரை சேர்க்கலாம். ஆனா சேர்க்கும்போது நிதானமா இருங்க. ஒருதடவை ஏறுன பேரை இஷ்டத்துக்கு மாத்த முடியாது, எழுத்துப் பிழையைத்தான் திருத்துவாங்க. இங்கிலீஷ் எழுத்துல ஒரு 'ஹெச்' கூடவா குறைச்சலாங்கிறதை அன்னைக்கே முடிவு பண்ணிக்குங்க. நியூமராலஜிக்காரர் ரெண்டு வருசம் கழிச்சு ஒரு 'ஏ' சேர்க்கச் சொன்னா, அவரையே அந்த ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போங்க.

21 நாளை விட்டுட்டா? 30 நாள்வரை தாமதக் கட்டணத்தோட முடிஞ்சிரும். ஒரு வருசம்வரை மேலதிகாரி அனுமதியும் சுய கையொப்பம் போட்ட ஆவணமும் வேணும். ஒரு வருசத்தைத் தாண்டிட்டா முன்னெல்லாம் கோர்ட்டுக்குப் போகணும், மாஜிஸ்திரேட் உத்தரவு போடணும். இப்ப நம்ம மாநிலத்துல அது கோட்டாட்சியர்கிட்ட, அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல. கோர்ட்டை விட இது பரவாயில்லை, வக்கீல் பீஸ் இல்லை. ஆனா பரவாயில்லைங்கிறதுக்கும் லேசுங்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்குன்னு இந்த வருசம்தான் பக்கத்துல இருந்து பார்த்தேன்.

பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி பக்கத்துத் தோட்டத்துல கரும்பு வெட்ட கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. அப்ப அது விழுப்புரம் மாவட்டம். சோகையும் தார்ப்பாயும் போட்டு வாய்க்கால் கரையில குடிசை கட்டித் தங்கியிருந்தாங்க. அதுல ஒரு பொண்ணுக்கு நிறைமாசம். நாள் இருக்குன்னு சொல்லி வேலைக்கு வந்திருக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்து, வண்டி சொல்றதுக்குள்ள குழந்தை பொறந்துருச்சு. எங்க ஊர் மருத்துவச்சி ஆத்தா ஓடிப்போய் தொப்புள்கொடி அறுத்தாங்க. பொம்பளைப் பிள்ளை. மூணாம் நாள் நர்ஸம்மா வந்து எடை போட்டு, ஊசி போட்டு, ஒரு தடுப்பூசி அட்டை எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. பங்குனியில வெட்டு முடிஞ்சு அந்தக் கூட்டம் வேற ஊருக்குப் போயிருச்சு. பிறப்பைப் பதியணும்னு அந்தப் புருசன் பொண்டாட்டிக்கு யாரும் சொல்லலை. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது.

அந்தப் பிள்ளை இப்ப அவங்க ஊர்ல பத்தாவது படிக்குது. வயசுச் சான்றிதழ் இல்லைன்னு ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்காம விடக்கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கறதால ஒண்ணாவது சேர்றதுல சிக்கல் வரலை. டீச்சரம்மா ஒரு தேதியை எழுதிக்கிட்டாங்க. ஆதார்ல வேறொரு தேதி. இப்ப பொதுத்தேர்வுக்குப் பேர்ப் பட்டியல் தயார் பண்ணும்போது ரெண்டும் ஒத்துவரலை. பிறப்புச் சான்றிதழ் கொண்டாங்கன்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. பத்தாவது மார்க் ஷீட்ல ஒரு தேதி அச்சாயிருச்சுன்னா அதுக்கப்புறம் மாத்தறது மலையைப் புரட்டற வேலை. அந்தப் பிள்ளை சாகறவரைக்கும் அந்தத் தேதிதான்.

அப்பன்காரர் அவங்க ஊர் வி.ஏ.ஓ.கிட்டப் போனார். "இங்க பொறக்கலையே, பொறந்த ஊர்ல போய்க் கேளு"ன்னு அனுப்பிட்டாங்க. சட்டப்படி சரி. அவர் ராத்திரி பஸ் ஏறி, சேலத்துல மாறி, காலையில எங்க ஊர் முக்குல வந்து இறங்கினார். கையில ஒரு பிளாஸ்டிக் கவர். அதுக்குள்ள அந்தத் தடுப்பூசி அட்டை. எத்தனை குடிசை, எத்தனை மழை பார்த்திருக்கும் அது? படிக்கத் தெரியாத மனுசன் அதைப் பதினஞ்சு வருசம் நனையாம வச்சிருந்தார். பீரோவும் மஞ்சப்பையும் வச்சிருக்கிற நாம வெக்கப்படணும்.

பழைய கிராமப் பதிவேடுகள் சார்பதிவாளர் ஆபீஸ்ல இருக்கும். அங்க தேடச் சொல்லி மனு. தேடிப் பார்த்துட்டு இல்லைன்னு சொன்னாங்க. வாயால சொன்னாப் பத்தாது, பதிவு இல்லைங்கிறதுக்கே ஒரு சான்றிதழ் வாங்கணும். இல்லாத ஒண்ணு இல்லைன்னு காட்ட ஒரு காகிதம்! அதை வச்சு, உறுதிமொழிப் பத்திரம், அப்பா அம்மா ஆதார், பள்ளிக்கூடத்துச் சான்று, தடுப்பூசி அட்டை எல்லாம் சேர்த்து கோட்டாட்சியர் ஆபீஸ்ல மனு. அங்கிருந்து தாலுகா ஆபீஸுக்கு விசாரணைக்கு வரும், தாலுகாவிலிருந்து ஆர்.ஐ.க்கு, ஆர்.ஐ.யிலிருந்து வி.ஏ.ஓ.வுக்கு. விசாரிச்சு எழுதுனது அதே படிக்கட்டுல திரும்ப மேல ஏறணும்.

வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தப்ப நானும் சாட்சி. மருத்துவச்சி ஆத்தாவையும் கூட்டிட்டு வந்தோம். எம்பது வயசுக்கு மேல, கண்ணு மங்கல், ஞாபகம் மட்டும் கெட்டி.

"ஆத்தா, அது எந்த வருசமுங்க?"ன்னு வி.ஏ.ஓ. தம்பி கேட்டார்.

"மஞ்ச குவிண்டால் பதினஞ்சாயிரத்தைத் தாண்டுச்சல்லொ, அந்த வருசஞ் சாமி. நெலத்துல மஞ்ச இருந்துச்சு, வெட்டறதுக்கு முன்ன."

அதைவிடத் துல்லியமா யாராலயும் சொல்ல முடியாது. 2010 கடைசியில ஈரோட்ல மஞ்சள் அந்த விலைக்குப் போச்சு. அதுக்கப்புறம் விழுந்த விலை எழுந்து நிக்கப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. மஞ்சக்காட்டுக்காரன் எவனும் அந்த வருசத்தை மறக்க மாட்டான். தடுப்பூசி அட்டையில இருந்த தேதியும் அதே பருவம்தான். வி.ஏ.ஓ. தம்பி சிரிச்சுக்கிட்டே, மஞ்சள் விலையை வாக்குமூலத்துல எழுத முடியாதுங்கன்னு சொல்லி, அட்டையில இருந்த தேதியை எழுதி, ஆத்தாகிட்ட ரேகை வாங்கிக்கிட்டார். நல்ல பையன். அவருக்கு மூணு கிராமம் கூடுதல் பொறுப்பு வேற.

இதுக்கு அரசாங்கம் வாங்குற கட்டணம் எல்லாத்தையும் கூட்டினாலும் ஆயிரம் ரூபாய் வராது. ஆனா அந்த மனுசன் இதுவரைக்கும் நாலு தடவை வந்துட்டார். ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் கூலி போச்சு, பஸ் செலவு, நோட்டரி, ஜெராக்ஸ், சாப்பாடு. ரெண்டாவது தடவை வந்தப்ப "சார் லீவு"ன்னு திருப்பி அனுப்பினாங்க. ஆபீஸ் வாசல்ல ஒருத்தர் எட்டாயிரம் குடுத்தா அலையாம முடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கார். அந்த எட்டாயிரத்தை அடுத்த வெட்டு சீசனுக்கு மேஸ்திரிகிட்ட அட்வான்ஸா வாங்கலாமான்னு என்கிட்ட யோசனை கேட்டார். வேண்டாம்னு சொன்னேன். ஃபைல் இப்ப கோட்டாட்சியர் ஆபீஸ்ல இருக்கு. பரீட்சைக்குள்ள உத்தரவு வரணும்.

இப்ப என் கருத்தைச் சொல்றேன்.

எங்க வீட்டு மாடு போட்ட கன்னுக்குட்டிக்கு நாலு மாசத்துல காதுல தோடு போட்டாச்சு. மஞ்ச கலர்த் தோடு, பன்னெண்டு இலக்க நம்பர். கோமாரித் தடுப்பூசிக்கு வந்தவங்க, பட்டியிலயே வச்சு, ஊசியும் போட்டு, நம்பரையும் போன்ல ஏத்திட்டுப் போனாங்க. நான் எந்த ஆபீஸுக்கும் போகலை. கன்னுக்குட்டி பொறந்துச்சுன்னு நோட்டரி கையெழுத்து கேட்கலை. நாளைக்கு அதுக்கு இன்சூரன்ஸ் போடணும்னாலும், கடன் வாங்கணும்னாலும் அந்தத் தோடு போதும். இதை நான் குறையாச் சொல்லலை. கால்நடைத் துறை செஞ்சது சரியான வேலை. மாட்டை ஓட்டிக்கிட்டு ஆபீஸுக்கு வான்னு சொன்னா எவனும் வரமாட்டான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதனால அவங்க வர்றாங்க. கூலிக்காரனுக்கும் அதே கதைதான்னு மத்த ஆபீஸுக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?

குழந்தை வயித்துல இருக்கும்போதே பிக்மி நம்பர் போடற அரசாங்கம் இது. இன்ன தேதிக்கு இன்ன பொண்ணுக்குப் பிரசவம்னு கம்ப்யூட்டர்ல இருக்கு. அந்தத் தேதி தாண்டி ஒரு மாசம் ஆகியும் பிறப்புப் பதிவு வரலைன்னா, என்ன ஆச்சுன்னு ஒரு போன் போட்டுக் கேட்க முடியாதா? பதியலைன்னா தாமதக் கட்டணம் போடத் தெரியுது, ஏன் பதியலைன்னு தேடி வரத் தெரியலை. பதியாமப் போனதுல அந்தக் குழந்தையோட பங்கு என்ன? பொறந்ததைத் தவிர அது ஒண்ணும் பண்ணலை. ஆனா பதினஞ்சு வருசம் கழிச்சு ஆதாரம் கொண்டான்னு கேட்கறது அதுகிட்டத்தான்.

இஷ்டத்துக்குப் பதிஞ்சு குடுத்தா போலிச் சான்றிதழ் பெருகாதான்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பதினாறு வயசுப் பொண்ணைப் பதினெட்டுன்னு சொல்லிக் கட்டிக் குடுக்கறவங்களும் நம்ம ஊர்லதான் இருக்காங்க. உண்மையைச் சொன்னா, பிறப்பே பதியாத பொண்ணுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். வயசு என்னன்னு காட்ட அது கையில ஒண்ணும் இல்லை, அப்பன் சொல்றதுதான் வயசு. விசாரிக்க வேண்டாம்னு நான் சொல்லலை, நல்லா விசாரிக்கட்டும். விசாரிக்கறவங்க நடக்கட்டும், நாலு ஆபீஸும் ஒரே நாள்ல ஒரே இடத்துல உட்காரட்டும்னுதான் சொல்றேன். மருத்துவச்சி இருக்கிறப்பவே கேட்டா அரை மணி நேரத்துல முடியற விசாரணை. இன்னும் அஞ்சு வருசம் போனா அந்த ஆத்தா இருப்பாங்களா?

கரும்பு வெட்டுக்காரங்க எங்க இருக்காங்கன்னு தெரியாதுன்னும் சொல்ல முடியாது. கட்டிங் ஆர்டர் குடுக்கற ஆலைக்குத் தெரியும், எந்த மேஸ்திரி ஆளுக எந்தத் தோட்டத்துல இருக்காங்கன்னு. செங்கல் சூளைக்கும் அப்படித்தான், முதலாளிகிட்ட ஆள் கணக்கு இருக்கும். வெட்டு முடியறதுக்கு முன்ன ஒரு நாள், நர்ஸம்மாவும் வி.ஏ.ஓ.வும் அந்தக் குடிசைகளுக்குப் போய் இந்த சீசன்ல பொறந்த குழந்தை எத்தனைன்னு பார்த்தா அங்கேயே பதிஞ்சிரலாம். இப்ப நம்ம பக்கம் கோழிப்பண்ணையிலயும் நூல் மில்லுலயும் ஒடிசா, பீகார் குடும்பங்க நிறைய. அவங்களுக்கு இங்க பொறந்த குழந்தைக்கு இங்கதான் பதியணும். ஊருக்குத் திரும்பிப் போனப்புறம் இங்க வந்து, தமிழ்ல மனு எழுதி, ஆர்.ஐ., தாசில்தார்னு படிக்கட்டு ஏறுவாங்களா? கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தவருக்கே நாலு தடவை ஆச்சு.

நமக்கும் ஒரு வேலை இருக்கு. உங்க தோட்டத்துல, பண்ணையில, சூளையில வெளியூர்க் குடும்பம் தங்கியிருந்து குழந்தை பொறந்தா, ஆஸ்பத்திரியானாலும் சரி குடிசையானாலும் சரி, 21 நாளைக்குள்ள வண்டியில கூட்டிட்டுப் போய் பதிஞ்சு குடுத்துருங்க. பெட்ரோல் நூறு ரூபாய் ஆகும். உங்க வீட்டுப் பிள்ளைங்களோட சான்றிதழை எடுத்து, அப்பா பேர், அம்மா பேர், இனிசியல், தேதி எல்லாம் ஆதாரோட ஒத்துப்போகுதான்னு இந்த வாரமே பாருங்க. பேர் ஏறாத பழைய சான்றிதழ் இருந்தா உடனே போய்க் கேளுங்க. 2000க்கு முன்னாடி பதிவானவங்களுக்குப் பேர் சேர்க்க முதல்ல 2014 கடைசிவரைன்னாங்க, அப்புறம் 2019, அப்புறம் 2024ன்னு நீட்டிச்சாங்க. நீட்டிப்பாங்கன்னு நம்பிக்கிட்டே உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வைகாசியில ஜமாபந்தி வருது. ஊர்க் கணக்கெல்லாம் மூட்டை கட்டி தாலுகா ஆபீஸுக்கு வர்ற நாள். தாசில்தார், ஆர்.ஐ., வி.ஏ.ஓ. எல்லாரும் ஒரே பந்தலுக்குக் கீழ இருப்பாங்க. அங்க பிறப்புப் பதிவுக்குன்னு தனியா ஒரு மேசை போடுங்க, சார்பதிவாளர் ஆபீஸ்ல இருந்து ஒரு ஆள், சுகாதார நிலையத்திலிருந்து ஒரு ஆள் வந்து உட்காரட்டும்னு இந்தத் தடவை மனு குடுக்கப்போறேன். ஊர்ல இருபது பேர்கிட்டக் கையெழுத்து வாங்கியாச்சு. போன வருசம் நான் குடுத்தது வண்டிப்பாதை ஆக்கிரமிப்பு மனு. அது பரிசீலனையில இருக்குதாம்.